ஒரு டாலர் கொடுக்கலாமா? சின்ன மேஜை போக்கரில் விலைக் கணக்கு

ஐந்து சென்ட், பத்து சென்ட் மேஜை. உங்கள் கையில் ஆட்டின் 8, ஆட்டின் 7. நடுவில் திறந்திருக்கும் நாலு சீட்டுகள்: இஸ்பேடு ராஜா, ஆட்டின் 9, ஆட்டின் 4, கிளாவர் 2. இன்னும் ஒரே ஒரு சீட்டுதான் வர வேண்டும். அது ஆட்டினாக வந்தால் உங்களிடம் ஐந்து ஆட்டின், அதாவது ஃப்ளஷ். ஏறக்குறைய ஜெயித்த மாதிரி. வராவிட்டால் கையில் ஒன்றுமே இல்லை. பாட்டில், அதாவது நடுவில் குவிந்திருக்கும் பந்தயப் பணத்தில், 2 டாலர் சேர்ந்திருக்கிறது. எதிராளி 1 டாலர் பெட் வைக்கிறார். திரையில் நேரப் பட்டை குறைந்துகொண்டே வருகிறது. அதே 1 டாலரைப் போட்டுக் கால் பண்ணலாமா, விலகி ஃபோல்டு பண்ணலாமா?

போக்கர் ஆடத் தொடங்குகிற யாரும் முதல் நாளே இந்த இடத்துக்கு வந்துவிடுவார்கள். "ஆட்டின் வரும்னு மனசு சொல்லுது" என்று கால் பண்ணுகிறவர்கள்தான் அதிகம். நானும் பல மாதம் அப்படித்தான் ஆடினேன், அதற்கான காசையும் கட்டினேன். இந்த ஒரு கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லத் தெரிந்துவிட்டால், சின்னத் தொகை மேஜைகளில் ஜெயிக்கத் தேவையானதில் பாதிக்கு மேல் கைக்கு வந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. மீதியும் பெரும்பாலும் இதே கணக்கிலிருந்து கிளைப்பதுதான்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு முதலில் ஒன்று. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி, தமிழ்நாட்டுச் சட்டம் அவற்றுக்குப் போட்ட தடையை நீக்கியது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடை செய்கிறது. ஆகவே அங்கிருப்பவர்கள் காசில்லாத சிப்ஸ் வைத்தே இதைப் பழக வேண்டும். நான் ஆடுவது இங்கிலாந்தில். இங்கே 18 வயது ஆனவர்கள் ஆட உரிமம் பெற்ற தளங்கள் உண்டு.

சரி, ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நான் பேசுவது டெக்ஸாஸ் ஹோல்டம் பற்றி. ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து: முதலில் மூன்று, அதற்கு ஃப்ளாப் என்று பெயர், பிறகு ஒன்று, டர்ன், கடைசியாக ஒன்று, ரிவர். இந்த ஏழில் எந்த ஐந்து சிறந்த கையோ அதுதான் உங்கள் கை. ஒவ்வொரு கட்டத்திலும் பெட் வைக்கலாம், அதற்குச் சமமாகப் போட்டுக் கால் பண்ணலாம், ஏற்றி ரெய்ஸ் பண்ணலாம், விலகி ஃபோல்டு பண்ணலாம். சீட்டுப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகப் போட வேண்டிய தொகைதான் பிளைண்ட். ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று மேஜைக்குப் பெயர் வருவது அதனால்தான்.

ரம்மி ஆடிப் பழகியவர்கள் இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ரம்மியில் முதலிலேயே ஸ்கூட் விட்டாலும் 20 பாயிண்ட் போய்விடும், நடுவில் விட்டால் 40. அதனால் சுமாரான சீட்டு வந்தாலும் ஆடிப் பார்க்கலாமே என்று கை துறுதுறுக்கும். போக்கரில் நீங்கள் பிளைண்டில் இல்லாதபோது ஃபோல்டு பண்ண ஒரு சென்ட்கூடச் செலவில்லை. இந்த இலவசத்தைப் பயன்படுத்தாமல் இருப்பதுதான் சின்ன மேஜைகளில் நான் பார்க்கும் முதல் தவறு.

இப்போது அந்த 8, 7 கைக்கு வருவோம்.

கட்டில் 52 சீட்டு. உங்கள் இரண்டும் நடுவில் உள்ள நாலும் போக, உங்களுக்குத் தெரியாதவை 46. ஆட்டின் மொத்தம் 13. அதில் நாலு ஏற்கனவே கண்ணில் பட்டுவிட்டன, மிச்சம் 9. ஆக உங்களைக் காப்பாற்றும் சீட்டுகள் 9, கைவிடும் சீட்டுகள் 37. காப்பாற்றும் சீட்டுகளைப் போக்கர் ஆடுகிறவர்கள் அவுட்ஸ் என்பார்கள்.

இதே நிலைமை 46 தடவை வந்து, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு சீட்டு ரிவரில் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 37 தடவை உங்கள் 1 டாலர் போகும்: 37 டாலர் செலவு. 9 தடவை, பாட்டில் இருந்த 2 டாலரும் அவர் போட்ட 1 டாலரும் சேர்ந்து 3 டாலர் வரும்: 27 டாலர் வரவு. கழித்துப் பார்த்தால் 10 டாலர் நஷ்டம். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 22 சென்ட். அந்த நேரத்தில் ஆட்டின் வந்ததா இல்லையா என்பது வேறு விஷயம். கால் பட்டனை அழுத்தியதுமே 22 சென்ட்டை எதிராளிக்கு எடுத்துக் கொடுத்தாயிற்று.

இப்போது எதிராளி 1 டாலருக்குப் பதிலாக 40 சென்ட் மட்டும் வைத்தார் என்று மாற்றுங்கள். 37 தடவை 40 சென்ட் போனால் 14.80 டாலர் செலவு. 9 தடவை 2.40 டாலர் வந்தால் 21.60 வரவு. 6.80 டாலர் லாபம்! அதே சீட்டு, அதே எதிராளி, அதே ஆட்டின். மாறியது விலை மட்டும்தான். இந்த விலைக்குத்தான் பாட் ஆட்ஸ் என்று பெயர்.

மேஜையில் உட்கார்ந்துகொண்டு 46 தடவை கணக்குப் போட நேரம் இருக்காது. சுருக்கு வழி இது: நீங்கள் போட வேண்டிய தொகையை, நீங்கள் போட்ட பிறகு இருக்கும் மொத்தப் பாட்டால் வகுங்கள். 1 டாலர் போட்டால் பாட் 4 டாலர் ஆகும். நாலில் ஒன்று, 25 சதவீதம். நூற்றுக்கு 25 தடவையாவது ஜெயித்தால்தான் அந்தக் கால் நட்டமில்லாமல் முடியும். உங்களுக்கு இருப்பது 46-இல் 9, அதாவது 20-க்கும் சற்றுக் குறைவு. போதாது. எதிராளி பாதிப் பாட் பெட் வைத்தால் எப்போதும் 25 சதவீதம், முழுப் பாட் வைத்தால் 33, மூன்றில் ஒரு பங்கு வைத்தால் 20. இந்த மூன்று எண்ணும் நினைவில் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

மறுபக்கத்துக்கும் ஒரு சுருக்கு உண்டு. ஒரு சீட்டு வரப்போகிறது என்றால் அவுட்ஸை இரண்டால் பெருக்குங்கள்: 9 அவுட்ஸுக்கு ஏறக்குறைய 18 சதவீதம். ஃப்ளாப்பில் இருந்து இரண்டு சீட்டும் பார்க்கப்போகிறீர்கள் என்றால் நாலால் பெருக்குங்கள்: 36. உண்மையான எண் 35, கிட்டத்தட்ட சரி.

இந்த நாலால் பெருக்கும் இடத்தில் புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவார்கள். ஃப்ளாப்பில் ஒருவர் பாதிப் பாட் வைக்கிறார். "எனக்கு 35 சதவீதம் இருக்கிறது, 25 இருந்தால் போதுமே" என்று சந்தோஷமாகக் கால் பண்ணுகிறோம். டர்னில் ஒன்றும் வரவில்லை. அவர் மறுபடி பெட் வைக்கிறார். இரண்டாவது சீட்டுக்குத் தனி விலை! அந்த 35, இரண்டு சீட்டையும் ஒரே விலையில் பார்த்தால் மட்டுமே செல்லும். அதாவது யாராவது ஒருவர் ஃப்ளாப்பிலேயே ஆல்-இன் ஆகி, அதாவது தன்னிடம் இருக்கும் பணம் முழுவதையும் போட்டுவிட்ட நிலையில்தான். மற்றபடி ஃப்ளாப்பிலும் இரண்டால் பெருக்குவதே நேர்மையான கணக்கு.

அப்படியென்றால் ஃப்ளஷ் வரும் கையோடு பாதிப் பாட்டுக்குக் கால் பண்ணவே கூடாதா? பண்ணலாம். ஆட்டின் வந்த பிறகு இன்னும் எவ்வளவு வாங்க முடியும் என்பதையும் சேர்க்க வேண்டும். நம் கணக்கில் 46 தடவைக்கு 10 டாலர் இடிக்கிறது. அதை ஜெயிக்கும் 9 தடவைகளில் பங்கு போட்டால், ஒவ்வொரு தடவையும் ரிவரில் கூடுதலாக 1.11 டாலர் வந்தால் நட்டம் சமமாகிவிடும். அதற்கு மேல் வந்தால் லாபம். ஆக கேள்வி இப்படி மாறுகிறது: மூன்றாவது ஆட்டின் மேஜையில் விழுந்த பிறகும் இவர் சராசரியாக 1.11 டாலர் எனக்குத் தருவாரா?

முதலில் அவரிடம் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பாருங்கள். அவர் முன்னால் 60 சென்ட்தான் இருக்கிறது என்றால் பேச்சே இல்லை, ஃபோல்டு. 8 டாலர் இருக்கிறது, ஏஸும் ராஜாவும் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை விடாத ஆள் என்றால் கால். எதிராளியைப் படிப்பது என்று சொல்வதில் சின்ன மேஜையில் தேவைப்படுவது இவ்வளவுதான். முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, இணையத்தில் முகமும் இல்லை.

இப்போது நாற்காலியை மாற்றிப் போடுங்கள். ஏஸ், ராஜா உங்கள் கையில். ஃப்ளஷ்ஷுக்குக் காத்திருப்பவர் அவர். இப்போது விலை சொல்பவர் நீங்கள். 2 டாலர் பாட்டில் நீங்கள் 1 டாலர் வைத்து அவர் கால் பண்ணினால் 22 சென்ட் உங்களுக்கு வருகிறது. முழுப் பாட்டான 2 டாலரையும் வைத்து அவர் அப்போதும் கால் பண்ணினால்? 37 தடவை 2 டாலர், மொத்தம் 74 அவருக்குச் செலவு. 9 தடவை 4 டாலர், 36 வரவு. 38 டாலரை 46-ஆல் வகுத்தால் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 83 சென்ட். சின்ன மேஜைக்காரர்கள் ஃப்ளஷ்ஷுக்கு ஒரு சீட்டு பாக்கி இருக்கும்போது விலையைப் பார்ப்பதே இல்லை. 1 டாலருக்கு வருகிறவர் 2 டாலருக்கும் வருவார். எனவே நல்ல கை இருந்தால் பெட் வையுங்கள், பெரிதாக வையுங்கள். பதுங்கிப் பிடிக்கலாம் என்று பெட் வைக்காமல் செக் பண்ணிக்கொண்டிருப்பது அவருக்கு இலவசமாகச் சீட்டுக் கொடுப்பது. சின்ன மேஜையில் லாபத்தின் பெரும் பங்கு இங்கிருந்துதான் வருகிறது: நல்ல கையோடு பெட் வைப்பது, சுமாரான கையோடு அவர்கள் கால் பண்ணுவது.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ரிவரில் ஆட்டின் விழுந்து, அதுவரை கால் மட்டுமே பண்ணிக்கொண்டிருந்த சாதுவான ஆள் திடீரென்று பெரிதாக ரெய்ஸ் பண்ணினால், உங்கள் ஒரு ஜோடி ராஜாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அவர் டர்னில் உங்களிடம் இழந்த விலையை ரிவரில் திருப்பி எடுக்கப் பார்க்கிறார். நீங்கள் முழுப் பாட் வைத்த கணக்கில் அவர் நட்டத்தைச் சரிக்கட்ட, ஆட்டின் வரும்போதெல்லாம் உங்களிடமிருந்து 4.22 டாலர் கூடுதலாகக் கறக்க வேண்டும். கொடுக்காதீர்கள். இந்தத் தொகைகளில் ஆடுகிறவர்கள் ரிவரில் ரெய்ஸ் பண்ணினால் பெரும்பாலும் கையில் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

பிளஃப், அதாவது கையில் ஒன்றும் இல்லாமலே பெட் வைத்து எதிராளியை விலக வைப்பது, அதைப் பற்றிச் சொல்லாமல் போக்கர் கட்டுரை முடியாது. 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் 86 டாலர் கட்டி இணையத்தில் ஆடிய தகுதிச் சுற்று வழியாக லாஸ் வேகாஸ் உலகப் போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். கடைசி இருவராக சாம் ஃபார்ஹாவும் அவரும் மிஞ்சியபோது, ஃப்ளஷ்ஷும் வராமல், ஐந்து சீட்டு வரிசையாக அமையும் ஸ்ட்ரெயிட்டும் வராமல் வெறும் ராஜாவை வைத்துக்கொண்டு மணிமேக்கர் ஆல்-இன் போனார். மேஜையிலேயே பெரிய ஜோடியான ஒன்பதுகளை வைத்திருந்த ஃபார்ஹா நெடுநேரம் யோசித்து ஃபோல்டு பண்ணினார். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுப் போக்கருக்கு வந்தவர்கள் கணக்கில்லை.

ஆனால் அந்த பிளஃப் பலித்ததற்குக் காரணம் ஃபார்ஹா. ஒன்பது ஜோடியை ஃபோல்டு பண்ணும் அளவுக்கு யோசிக்கக்கூடிய ஆட்டக்காரர் அவர். பத்து சென்ட் மேஜையில் ஒன்பது ஜோடியை யாரும் போடுவதில்லை. இதற்கும் விலை உண்டு: 2 டாலர் பாட்டில் 1 டாலர் பிளஃப் வைத்தால், மூன்றில் ஒரு தடவையாவது எதிராளி விலகினால்தான் கட்டுப்படியாகும். 2 டாலர் வைத்தால் இரண்டில் ஒரு தடவை. கடைசிவரை கால் பண்ணும் ஆளிடம் அது கிடைக்காது. அவரிடம் பிளஃப் வைப்பதை நிறுத்திய மாதமே என் கணக்கில் வித்தியாசம் தெரிந்தது.

முதல் இரண்டு சீட்டுகளைப் பொறுக்குவதற்கும் இதே பார்வைதான். இரண்டும் ஒரே பூ என்பதற்காக எதையும் ஆடாதீர்கள். ஒரே பூவில் இரண்டு வைத்திருந்தால் ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் அமைவது 120 தடவைக்கு ஒரு முறைதான். ஏஸ் இருக்கிறது என்பதற்காக ஏஸ்-5 போன்றவற்றை ஒருவருடைய ரெய்ஸுக்கு எதிராக ஆடாதீர்கள். அவரிடம் ஏஸ்-ராஜா இருந்தால் நாலில் ஏறக்குறைய மூன்று தடவை அவர்தான் ஜெயிப்பார். ஏஸ் வந்தால்தான் இன்னும் மோசம், உங்களால் விட முடியாது. சின்ன ஜோடிகள் ஃப்ளாப்பில் மூன்றாக மாறுவது எட்டரைத் தடவைக்கு ஒரு முறை. மலிவாகக் கிடைத்தால் ஆடலாம், விலை ஏறினால் போடலாம். ஆறு பேர் மேஜையில் நாலில் ஒரு கை, அல்லது அதற்கும் கொஞ்சம் குறைவாக ஆடினால் தொடக்கத்துக்குப் போதும். அதிலும் கடைசியாகப் பேசும் இடத்தில் இருக்கும்போது கூடுதலாகவும், முதலில் பேசும் இடத்தில் மிகக் குறைவாகவும். கடைசியாகப் பேசுகிறவருக்கு மற்றவர்கள் என்ன விலை சொன்னார்கள் என்று தெரிந்துவிடுகிறது, அது பெரிய வசதி.

நாம் எல்லோரும் சேர்ந்து கொடுக்கும் விலை ஒன்றும் இருக்கிறது: ரேக். மேஜை நடத்தும் தளம் ஒவ்வொரு பாட்டிலிருந்தும், பெரும்பாலும் 5 சதவீதம் அளவுக்கு, எடுத்துக்கொள்ளும். 100 கையில் நீங்கள் பத்துப் பாட் ஜெயித்து, ஒவ்வொன்றும் சராசரி 2 டாலர் என்றால் 1 டாலர் ரேக்குக்குப் போகிறது. பத்து சென்ட் மேஜையில் அது பத்துப் பெரிய பிளைண்ட், அதாவது இரண்டு பிளைண்டில் பெரியதான பத்து சென்ட்டைப் போல் பத்து மடங்கு. பெரிய மேஜைகளில் உச்சவரம்பு இருப்பதால் ரேக் அவ்வளவு உறைக்காது. சின்ன மேஜையில் நன்றாக உறைக்கும். மற்றவர்களைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடினால் போதாது, ரேக்கையும் தாண்டும் அளவுக்கு நன்றாக ஆட வேண்டும். சின்னப் பாட்டுகளைச் சுமாரான கையோடு துரத்துவது இதனாலும் வீண்.

அப்புறம், பொறுமையின் அளவு. நன்றாக ஆடும் ஒருவர் 100 கைக்கு 5 பெரிய பிளைண்ட் ஜெயிக்கக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். 100 கைக்கு 90 பிளைண்ட் அளவுக்கு ஏற்ற இறக்கம் இந்த ஆட்டத்தில் சாதாரணம். 10,000 கைக்கு அவருக்கு எதிர்பார்க்கும் லாபம் 500 பிளைண்ட். ஆனால் ஏற்ற இறக்கம் 900! (கை நூறு மடங்கானால் ஏற்ற இறக்கம் பத்து மடங்கு ஆகும்.) அதாவது இப்படிப்பட்ட பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேர், சரியாக ஆடியும், 10,000 கை முடிவில் நஷ்டத்தில் இருப்பார்கள். ஒரு மேஜையில் மணிக்கு 70 கை என்றால் 10,000 கைக்கு ஏறக்குறைய 143 மணி நேரம் ஆகும். இரண்டு ஏஸ் வைத்துக்கொண்டு இரண்டு ராஜாவிடம் தோற்பதுகூட ஐந்தரைத் தடவைக்கு ஒரு முறை நடக்கும். எனக்கு ஒரே ராத்திரியில் இரண்டு தடவை நடந்தது. மறுபடி ஜெயித்தே தீர வேண்டும் என்று விடியும்வரை ஆடி, அந்த இரண்டு கையில் போனதைப்போல மூன்று மடங்கு தொலைத்தேன். ஏஸ் தோற்றதற்கு நான் பொறுப்பில்லை, அதற்குப் பிறகு ஆடியதற்கு நான்தான் பொறுப்பு.

ஆகவே 10 டாலரோடு உட்காரும் மேஜைக்கு 300 டாலராவது தனியாக இருக்க வேண்டும். அது வீட்டு வாடகையும் பிள்ளைகளின் ஃபீஸும் கலக்காத, போனாலும் வீட்டில் யாரும் பாதிக்கப்படாத பணமாக இருக்க வேண்டும். அது இல்லையென்றால் இன்னும் சின்ன மேஜை, ஒரு சென்ட் இரண்டு சென்ட் மேஜை, இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் காசில்லாத சிப்ஸ். இழந்ததைத் துரத்தும் பழக்கம் உங்களுக்கு உண்டு என்று தெரிந்தால், தயவுசெய்து பணம் வைத்து ஆடாதீர்கள். கணக்கு எவ்வளவு சரியாகத் தெரிந்தாலும் அந்தப் பழக்கம் அதைத் தின்றுவிடும்.

பழகுவதற்கு நான் செய்தது இதுதான். தளம் ஒவ்வொரு கையையும் பதிவு செய்து வைத்திருக்கும். ஆடி முடித்த பிறகு, ஜெயித்த கைகளை விட்டுவிட்டு, கால் பண்ணிய ஐந்து கைகளை எடுப்பேன். ஒரு நோட்டில் மூன்றே பத்தி: எவ்வளவு கேட்டார்கள், பாட்டில் எவ்வளவு இருந்தது, எனக்கு எத்தனை அவுட்ஸ். கடைசியில் ஆட்டின் வந்ததா என்பதை எழுதவே மாட்டேன்.

முதல் வாரத்து நோட்டிலிருந்து ஒன்றைத் தருகிறேன், நீங்களே போட்டுப் பாருங்கள். டர்னில் என் கையில் ஜாக், 10. நடுவில் ஏஸ், ராஜா, 6, 3. ராணி வந்தால் மட்டும் ஸ்ட்ரெயிட், அதாவது 4 அவுட்ஸ். பாட்டில் 1.50 டாலர், எதிராளி வைத்தது 25 சென்ட். இவ்வளவு மலிவா என்று யோசிக்காமல் கால் பண்ணியிருந்தேன். 42 தடவை 25 சென்ட், 10.50 டாலர் போகும். 4 தடவை 1.75, 7 டாலர் வரும். மூன்றரை டாலர் இடிக்கிறது. ராணி வரும் ஒவ்வொரு தடவையும் ரிவரில் 88 சென்ட் கூடுதலாக வாங்கினால்தான் அந்தக் கால் சரி. எதிராளியிடம் மீதி இருந்தது 40 சென்ட்.